மாப்பிள்ளையை எந்தப் பக்கம் எறிவது

இடுப்பு பிடித்து அன்றோடு பத்து நாள். படுத்தால் வலது தொடை வரைக்கும் இழுத்தது. உட்கார்ந்தால் முதுகெலும்பில் யாரோ உளி வைத்துத் தட்டினார்கள். நின்றால் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நின்றபடியே தூங்க நான் குதிரை இல்லை. ஷிகெ, கிழங்கு மாவில் செய்த கொன்னியாக்குக் கட்டி ஒன்றை வெந்நீரில் கொதிக்க வைத்து, துணியில் சுற்றி, என் இடுப்பில் கட்டிவிடுவாள். சூடு ஆறியதும் அவிழ்த்து மறுபடியும் பானையில் போடுவாள். கடைசியில் அதைக் குழம்பில் வெட்டிப் போட்டுவிடுவாயா என்று கேட்டேன்.

"உங்களை விட அது உருப்படியா வேலை செய்யுது. அதை எதுக்கு வெட்டணும்?" என்றாள் என் மனைவி.

கூரையிலிருந்து விழுந்து இடுப்பு போயிருந்தால் ஊரில் மரியாதை உண்டு. எனக்கு அப்படிப் போகவில்லை. புது வருஷத்துக்கு மோச்சி என்ற அரிசிப் பலகாரம் இடித்த உரலை மூலைக்குத் தூக்கிப் போடும்போது போனது. இரண்டு பேர் தூக்க வேண்டிய உரல். தபால்காரன் செங்கிச்சியைக் கூப்பிடட்டுமா என்று ஷிகெ கேட்டாள். அவன் எதற்கு என்றேன். அதோடு சரி, உரல் இருந்த இடத்தில் இருந்தது, நான் அதன் பக்கத்தில் படுத்தேன்.

இதை வெளியே சொல்ல முடியாது. காரணம் என் கூரை.

எங்கள் ஊர் நுகசவாவில் இருபத்து மூன்று வீடுகள். என் வரிசையில் எட்டு. ஒரு வீட்டுக் கூரையில் பனி ஏறினால் எட்டு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் மரத் துடுப்போடு வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். கூலி கிடையாது. அவர்கள் வந்தால் நான் போக வேண்டும், அவ்வளவுதான். டிசம்பரில் இரண்டு முறை என் கூரைக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஒரு சுற்றுதான் திருப்பியிருந்தேன். ஒரு சுற்று பாக்கி நிற்கும்போதே இன்னொரு முறை கூப்பிட்ட வீடு எங்கள் வரிசையில் இதுவரை இல்லை. இடுப்பு போச்சு என்று சொன்னால் அது கூப்பிட்ட மாதிரிதான். ஷிகெவுக்கு நிறைமாதம், வலி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால்தான் மற்ற கூரைகளுக்கு வரவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பினார்கள். டோக்கியோவுக்குச் சுரங்கப்பாதை தோண்டும் வேலைக்குப் போகாமல் இந்தக் குளிர்காலம் நான் ஊரில் தங்கியதே அதற்காகத்தானே. மற்ற இளவட்டம் எல்லாம் டோக்கியோவில்.

பத்து நாளில் கூரையில் ஆறடி ஏறிவிட்டது. வீட்டுக்குள் மேல்மாடி ஜன்னல் வழியாகத்தான் போய்வந்தோம். சாமி அறைக் கதவு நகரவில்லை. உத்தரம் தாழ்ந்தால் கதவுதான் முதலில் சொல்லும். ஷிகெ தினமும் காலையில் அந்தக் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், பிறகு அடுப்படிக்குப் போவாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வீட்டுக்குள்தான் பிள்ளை பிறக்க வேண்டும்.

ஜனவரி பதினாலு காலை முதல் ரயிலில் தொகுஜி வந்தான்.

தொகுஜி கடலோரத்தான். கருவாடு விற்கும் குடும்பம். போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் டோஃபுக்காரி இசெயின் மகள் கினுயோவைக் கட்டிக்கொண்டு போனவன். எங்கள் ஊர்ப் பெண்ணைக் கொண்டுபோகிற வெளியூர்க்காரனுக்கு ஊர் ஒரு சீர் செய்யும்: ஜனவரி பதினைந்தாம் தேதி, சின்னப் புதுவருஷத்தன்று, அவனை யாகுஷி கோயில் மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே பனியில் எறிவோம். பதினைந்து அடிப் பள்ளம். விழுந்தவன் மேலிருக்கும் பனியைப் பெண்டாட்டி ஓடிவந்து தட்டிவிடுவாள். அந்த வருஷம் வெளியே கட்டிக்கொடுத்தது கினுயோ ஒருத்தியைத்தான். எறிய இருந்த நாலு பேரில் வயது குறைந்தவன் நான், வலது தோள் என்னுடையது. வலது தோளைப் பிடிப்பவன்தான் திசையைத் தீர்மானிப்பான்.

மறுநாள் மனைவியோடு ஊரறிய வர வேண்டியவன், ஒருநாள் முன்னாலேயே ஒளிந்து ஒளிந்து என் மாடி ஜன்னலில் தலையை நீட்டினான். கையில் காய்ந்த கணவாய் ஒரு கட்டு.

நேரே விஷயத்துக்கு வரவில்லை. கணவாயின் பெருமையைச் சொன்னான். கடலில் போன வாரம் அலை எவ்வளவு உயரம் என்று சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, மேட்டின் வலது பக்கம் தேவதாரு மரத்துக்குப் பின்னால் பள்ளம் ஓராள் உயரம்தானாமே, அந்தப் பக்கம் எறிய முடியுமா என்று கேட்டான்.

"ஏன் மாப்ளே, உசரம்னா பயமா?"

"அண்ணே, சத்தமாப் பேசாதீங்க. கினுயோவுக்குத் தெரியாது."

"படகுல போறவன்தானே நீ?"

"படகுல எங்கண்ணே உசரம் இருக்கு? கடல் தட்டையாத்தானே கெடக்கு."

அவன் கண் சாமி அறைக் கதவில் போய் நின்றது, பிறகு மேலே உத்தரத்துக்குப் போனது, பிறகு என் இடுப்புக் கட்டுக்கு வந்தது. கருவாட்டு வியாபாரி. எதிராளிக்கு என்ன தேவை என்று பார்க்கத் தெரியாமல் இருப்பானா? கூரையைத் தள்ளித் தருகிறேன் என்று அவனே சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கூரையும் உயரம் என்பது அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

அது ஒன்றும் உயரமில்லை, கீழே கிடக்கும் பனி கூரை விளிம்பு வரை வந்துவிட்டது, தரையில் நடக்கிற மாதிரி நடந்து ஏறலாம் என்று சமாதானம் சொன்னேன். அது பாதி உண்மை. உச்சியைப் பற்றி நான் பேசவில்லை.

ஒரு நாளில் ஒரு கடலோரத்தானால் பாதிக் கூரைதான் முடியும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. வடக்குச் சரிவு ஊர்ப் பாதையைப் பார்த்தது. அங்கே ஏறினால் அஞ்சு நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். தெற்குச் சரிவு தேவதாருக் காட்டைப் பார்த்தது. அணிலைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். தெற்கை மட்டும் தள்ளு, வடக்கு என் பாடு என்றேன்.

எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், கூரையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் தள்ள வேண்டும் என்று. எனக்கும் தெரியும். சூடான கொன்னியாக்கு இடுப்பிலும் திருட்டுத்தனம் தலையிலும் ஏறியிருந்தால் தெரிந்தது எதுவும் ஞாபகம் வராது.

தொகுஜி நன்றாகவே வேலை செய்தான், அதை மறைக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் கூரையில் தவழ்ந்தான். அதன் பிறகு குனிந்து நின்றான். மத்தியானத்துக்குள் தெற்குச் சரிவில் வைக்கோல் தெரிந்தது. கடைசித் துடுப்புப் பனி சரிந்ததும் வீடு ஒரு சத்தம் போட்டது. கிழட்டு மாடு படுக்கும்போது போடுகிற சத்தம். சாமி அறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. எனக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடி, வடக்கு மூலையில் இருந்த கக்கூஸிலிருந்து ஷிகெயின் குரல் வந்தது. கதவு திறக்கவில்லையாம்.

வீடு வடக்கே சாய்ந்துவிட்டது. ஒரு விரல் அளவுதான், ஆனால் கக்கூஸ் கதவுக்கு அது போதும்.

தொகுஜி துடுப்பை நெம்புகோலாக்கி, கீழ்ச் சட்டத்தில் கொடுத்து அமுக்கினான். நான் நின்றபடி யோசனை சொன்னேன். வேறு எதுவும் என்னால் முடியவில்லை. துடுப்பு உடைந்தது. இரண்டாவது துடுப்பில் கதவு கழன்று விழுந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஷிகெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது யாரு?" என்று என்னைக் கேட்டாள்.

இசெ அத்தையின் மாப்பிள்ளை என்றேன்.

"பிள்ளைக்கு உங்கப்பா பேரு வைக்கலாம்னு இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இந்தக் கதவு பேருதான் வெச்சிருப்பேன்" என்றாள். அவனுக்குச் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள், குறைவாக.

சாயங்கால ரயிலுக்கு அவன் போய்விட்டான். நாளைக்கு வலது பக்கம், தேவதாருக்குப் பின்னால், அண்ணே, மறந்துடாதீங்க என்று ஜன்னலில் இருந்து இரண்டு முறை சொன்னான். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

அவன் போன காலடித்தடம் மூடுவதற்குள் அவன் மாமியார் இசெ வந்தாள். கையில் டோஃபுச் சட்டி. இசெ எதையும் சும்மா கொண்டு வருகிறவள் இல்லை. சட்டியைப் பலகையில் வைத்தாள். டோஃபு தண்ணீரோடு வடக்குப் பக்கம் மெதுவாக நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏண்டா யசோ, உன் வீடு ஏன் இப்படிக் குனிஞ்சு கும்பிடுது?"

வடக்குப் பக்கம் பனி கொஞ்சம் கூடுதல் என்றேன். தெற்கை யார் தள்ளியது என்று அவள் கேட்கவில்லை. நான்தான் தள்ளினேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவளுக்கு வேறு அவசரம் இருந்தது.

அவள் எதிர்வீட்டு ஹட்சுவின் மாப்பிள்ளை எட்டு வருஷத்துக்கு முன்னால் எறியப்பட்டபோது, கீழே வயலில் நிற்கும் மல்பெரி மரத்தை ஒரு முழம் தாண்டி விழுந்தான். அதற்குப் பிறகு யாரும் அந்த மரத்தைத் தாண்டவில்லை. எட்டு வருஷமாக ஹட்சு டோஃபு வாங்க வரும்போதெல்லாம் அதைச் சொல்கிறாளாம். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் மல்பெரியில்தான் வந்து முடிப்பாளாம். நாளைக்கு என் மாப்பிள்ளை மரத்தைத் தாண்ட வேண்டும், இரண்டு முழம், முடிந்தால் மூன்று என்றாள் இசெ. அப்படி எறிந்தால் பதினாறாம் தேதி காலையில் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து வடக்குச் சரிவைத் தள்ளிவிட்டுப் போவாள். அது வரிசைக் கணக்கில் சேராது, அவளுக்கும் எனக்கும் நடுவில் மட்டும்.

மல்பெரி மரம் இடது பக்கம் இருந்தது. தேவதாரு வலது பக்கம்.

அவள் போன பிறகு ஷிகெ என்னைக் கேட்டாள், எந்தப் பக்கம் எறியப் போகிறீர்கள் என்று. கணக்கு சுலபம். தொகுஜி தன் பங்கைக் கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டவனிடம் இனி வாங்க ஒன்றுமில்லை. இசெ இனிமேல்தான் கொடுக்க வேண்டும். அயோக்கியத்தனம்தான். ஆனால் வீடு சாய்ந்து நிற்கும்போது கூலியை முதலிலேயே தந்துவிட்டவனின் முகம் யாருக்கு ஞாபகம் வரும்?

பதினைந்தாம் தேதி. கோயில் முற்றத்தில் வைக்கோலை எரித்து முடித்து, சாம்பலைப் பனியோடு பிசைந்து ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொண்டிருந்தார்கள். தபால்காரன் செங்கிச்சி கறுப்புப் பூனை மாதிரி இருந்தான். ஷிகெ என் இடுப்பில் கொன்னியாக்கைக் கொதிக்கக் கொதிக்கக் கட்டி, மேலே அரைக்கச்சையை இறுக்கிவிட்டிருந்தாள். தொகுஜி கல்யாண உடுப்பில் வந்தான். நாலு கிண்ணம் சாக்கே குடித்தான், ஐந்தாவதையும் கேட்டு வாங்கினான். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். நானும் சிமிட்டினேன்.

தூக்கினோம். செங்கிச்சி இடது தோள், மீதி இரண்டு பேர், ஊர்க் கிழவர்கள், கால்கள். முதல் அடி எடுத்து வைத்ததுமே என் இடுப்பில் உளி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். விளிம்புக்கு வந்தோம். கீழே வயலில் இசெ மல்பெரி மரத்தின் பக்கத்திலேயே நின்றாள், சாட்சிக்காக. ஹட்சு அந்தப் பக்கம். கினுயோ இரண்டு பேருக்கும் நடுவில், கையில் துடைப்பத்தோடு.

நான் உடம்பை இடது பக்கம் திருப்பினேன். தொகுஜி முதலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் திருப்பித் தேவதாருவைத் தேடினான். அது அவனுக்குப் பின்னால் இருந்தது.

"அண்ணே, மரம் அந்தப் பக்கம்" என்றான், மெதுவாக, எனக்கு வழி தெரியாமல் போய்விட்ட மாதிரி.

"தெரியும் மாப்ளே."

ஒன்று, இரண்டு என்று ஆட்டினோம். மூன்றாவது ஆட்டத்தில் அவன் என் சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கருவாட்டு மூட்டை தூக்கிப் பழகிய கை. மற்ற மூன்று பேரும் விட்டார்கள். அவன் விடவில்லை.

பதினைந்து அடி என்பது கீழேயிருந்து பார்க்கும்போது ஒன்றும் பெரிசில்லை. நான் முப்பத்து மூன்று வருஷமும் கீழேயிருந்தோ மேலேயிருந்தோதான் பார்த்திருக்கிறேன், நடுவிலிருந்து பார்த்ததில்லை. வானம், ஹட்சு, வானம், தொகுஜியின் திறந்த வாய், அப்புறம் பனி. காது, மூக்கு, கழுத்து எல்லா வழியாகவும் பனி உள்ளே போனது. விழுந்த பிறகும் உருண்டேன். நின்றபோது தலை கீழேயும் கால் மேலேயும் இருந்தது.

யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். சிரிப்பு மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அளந்து பார்த்தார்கள். தொகுஜி மல்பெரி மரத்துக்கு அரை முழம் இந்தப் பக்கம் கிடந்தான். நான் மரத்தைத் தாண்டி மூன்று முழம்.

ஹட்சு இடுப்பில் கை வைத்து நின்றாள். "இசெ, புது சாதனைதான், ஒத்துக்கறேன். ஆனா யசோசுகேவை நீ எப்பம்மா மாப்பிள்ளையா எடுத்தே?" என்று கேட்டாள்.

இசெயின் முகத்தில் சாம்பல் பூசியிருந்ததால் நிறம் தெரியவில்லை. என்னிடம் வந்து குனிந்து, நான் எறியச் சொன்னது அவனை, உன்னை இல்லை, நாளைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று காதில் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

அப்போதுதான் ஹட்சு பனியிலிருந்து ஒரு பொருளைப் பொறுக்கி எடுத்தாள். துணியில் சுற்றியது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தாள். கொன்னியாக்கு. எங்கள் ஊரில் வெந்த கொன்னியாக்கை இடுப்பில் கட்டுகிறவன் எவன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செங்கிச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எத்தனை நாளாக என்று கேட்டான். பதினொன்று என்றேன். சொல்லியிருந்தால் வந்திருப்போமே என்று அவன் சொல்லவில்லை. ஒரு சுற்று பாக்கியோடு நானும் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் சொன்னான். பிறகு, கூரையில் என்ன உயரம் இருக்கிறது என்று கேட்டான். வடக்கில் ஆறடி, தெற்கில் ஒன்றுமில்லை என்றேன். எல்லார் காதிலும் அது விழுந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷிகெ அந்த வீட்டுக்குள்தான் இருந்தாள்.

சின்னப் புதுவருஷத்தன்று எங்கள் ஊரில் யாரும் கூரை ஏறக் கூடாது. ஏறினால் அந்த வருஷம் விளைச்சல் இல்லை. நாளைக் காலை, முதல் வெளிச்சத்தில் வருகிறோம் என்றான் செங்கிச்சி. மேலே பார்த்தோம். மறுபடியும் பனி விழ ஆரம்பித்திருந்தது. பெரிய செதில்கள். ஈரமானவை. கனமானவை.

தொகுஜி எழுந்து நின்றான். கினுயோ அவன் மேலிருந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் மேட்டு விளிம்பைத் திரும்பி அண்ணாந்து பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லையே, அண்ணே. உங்க விளைச்சல் சாமி என்னை ஒண்ணும் கேக்காது" என்றான்.

வேண்டாம் என்றேன். உனக்குச் செய்த துரோகத்துக்கு நீ இதைச் செய்யக் கூடாது என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

"அதுக்குத்தான் செய்யறேன். உங்களை அடிச்சா ரெண்டு நாள்ல ஆறிடும். இந்த ஊர்ல ஒருத்தனை எங்க தட்டினா வலிக்கும்னு நேத்து ஒரு நாள்ல பாத்துட்டேன். உங்களைக் கடன்காரனா நிறுத்தினாத்தான் எனக்கு ஆறும்."

கல்யாண உடுப்போடு, சாம்பல் முகத்தோடு, ஊர் முழுக்கப் பார்க்க, என் வீட்டு வடக்குச் சரிவில் ஏறினான். தவழவில்லை. உச்சியில் நின்று ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்தான், கால் நடுங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அப்படியே நடுங்கிக்கொண்டு துடுப்பைப் பிடித்தான். இருட்டுவதற்குள் முடித்துவிட்டான். ஒரு ஆள், பாதி நாளில், ஆறடி. எங்கள் வரிசையில் அப்படித் தள்ளக்கூடியவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. கீழே இசெ ஹட்சுவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சும்மா நின்றாள். ஹட்சுதான் நகர்ந்து போனாள்.

வீடு நிமிர்ந்தது. கக்கூஸ் கதவை மாட்டினோம், திறந்து மூடிப் பார்த்தோம். நாலு நாள் கழித்து அந்த வீட்டில் பெண் பிறந்தாள்.

இடுப்பு சரியானதும், மார்ச்சில், வரிசைக்குக் கொடுக்க வேண்டிய ஒரு சுற்றைக் கொடுத்து முடித்தேன். பிறகு ஒரு மூட்டை அரிசியைச் சுமந்துகொண்டு ரயிலேறி தொகுஜி வீட்டுக்குப் போனேன். அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சாக்கே கொண்டுபோனேன், அதை எனக்கே ஊற்றிக் கொடுத்தான். கூரைக்குக் கூரைதான், உங்க ஊர்க் கணக்கு அப்படித்தானே அண்ணே, என் கூரையில் பனி ஏறினால் சொல்லி அனுப்புகிறேன், வந்து தள்ளுங்கள் என்றான். நான் வாசலில் இறங்கி அவன் கூரையைப் பார்த்தேன். கடற்காற்று பனியைத் தங்கவிடாத ஊர். ஓடுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. கினுயோ கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவனிடமிருந்து ஒரு தபால் அட்டை வரும். செங்கிச்சி கொண்டுவந்து கொடுப்பதற்கு முன் படித்துவிடுவான், வழியில் இருக்கிற வீடுகளுக்கும் படித்துக் காட்டிவிடுவான். எல்லாரும் நலம், இந்த வருஷமும் கூரையில் பனி நிற்கவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான் எழுதியிருக்கும். இதுவரை பதினொரு அட்டை வந்திருக்கிறது. வடக்குச் சரிவு ஒன்று, ஆறடிப் பனி, ஓர் ஆளின் பாதி நாள் வேலை: கடலோரத்துத் தொகுஜிக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது.